ஒரே தெருவில் இரண்டு பாஸ்போர்ட்டுகள்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழ் ஆண், பிரான்ஸில் மேயர் முன்னிலையில் தன் காதலனை மணக்கலாம். 2013 முதல் சட்டம் இடம் தருகிறது. அவரைப் போலவே ஆணைக் காதலிக்கும் பக்கத்து வீட்டு இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு 2018 செப்டம்பர் 6 அன்றுதான் குற்றவாளிப் பட்டம் நீங்கியது. திருமண உரிமையை 2023இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஒருபாலுறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அந்த 377ஆம் பிரிவு நம் பாட்டன் எழுதியதல்ல. 1860இல் ஆங்கிலேயர் எழுதியது. கடலூர் அவர்கள் கையில் இருந்தது. புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸோ 1791இலேயே அக்குற்றத்தை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டது. இரண்டு ஊருக்கும் நடுவே ஓடுவது தென்பெண்ணைதான்! (பிரான்ஸும் உத்தமமல்ல, 1942 முதல் 1982 வரை ஒருபாலுறவுக்குத் தனி வயது வரம்பு வைத்திருந்தது.)

நண்பர்கள் இருவர் வாடகை வீடு பார்க்கப் போனபோது, கோலப்பொடியோடு நின்ற வீட்டுக்கார அம்மா, "என்ன உறவு?" என்றார்.

"அண்ணன் தம்பி."

சொன்னவரின் பையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்தது.