மனு டைப் செய்கிற கடைகளுக்கு ஆட்டோஹாட்கீ: தாராளமாகப் போடலாம்

ஒரே வரியைத் தினமும் திரும்பத் திரும்ப அடிக்கிற வேலை உங்களுடையது என்றால் ஒரு கீயை அழுத்தினால் முழு வரியையும் தானாக அடித்துத் தருகிற ஆட்டோஹாட்கீ (AutoHotkey) மென்பொருளைக் கண்டிப்பாகப் போட்டுப் பாருங்கள். இலவசம், விண்டோஸில் மட்டும்தான் ஓடும், மேக்கில் கிடையாது. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஜாப் டைப்பிங் கடை நடத்துகிறேன், திங்கட்கிழமை காலையில் குறைதீர் கூட்டத்துக்கு மனு அடிக்க வருகிறவர்களுக்கு பட்டா மாறுதலோ முதியோர் உதவித்தொகையோ எதுவாக இருந்தாலும் அனுப்புநர், பெறுநர், வட்டம், மாவட்டம், 635001, 635112 மாதிரி பின்கோடு என்று பாதிப் பக்கம் அச்சு அசலாக ஒன்றுதான். அந்தப் பாதியை இந்த மென்பொருள் பார்த்துக்கொள்கிறது, வந்தவரின் பிரச்சினையைக் கேட்டு ஒழுங்காக எழுத எனக்கு நேரம் கிடைக்கிறது.

வேலை செய்யும் விதம் எளிது. நோட்பேடில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்னக் கட்டளைப் பட்டியல், எழுதி, பெயர் .ahk என்று முடிகிற ஃபைலாகச் சேமித்து, அதை டபுள் கிளிக் செய்தால் போதும். ஸ்கிரிப்டில் கீகளுக்குக் குறியீடு உண்டு: கன்ட்ரோலுக்கு ^, ஆல்ட்டுக்கு !, ஷிஃப்ட்டுக்கு +, விண்டோஸ் கீக்கு #. #1:: என்று போட்டு, பக்கத்தில் செண்ட்டெக்ஸ்ட் (SendText) கட்டளையும் மேற்கோள் குறிக்குள் நம் வரியும் எழுதினால், அதற்கப்புறம் விண்டோஸ் கீயும் 1-ம் சேர்த்து அழுத்தும்போதெல்லாம் அந்த வரி வந்து விழும். ஃபைலைத் தமிழ் எழுத்தைத் தாங்குகிற யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் சேமிக்க வேண்டும், பழைய ஆன்சி (ANSI) முறையில் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

சுருக்கெழுத்தை அடித்தால் முழு வரியாக விரிகிற ஹாட்ஸ்ட்ரிங் வசதியைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள், ஆங்கிலத்துக்கு அது அருமைதான், ஆனால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறி அடிக்கிற நமக்கு எந்த நேரத்தில் எந்த விசைப்பலகை ஓடுகிறது என்பதைப் பொறுத்து அது வேலை செய்யும் அல்லது செய்யாது. அதனால் நேரடி ஷார்ட்கட்தான் என் தேர்வு. அதிலும் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து வைக்காதீர்கள், சில விசைப்பலகை அமைப்புகளில் அந்த இரண்டும் சேர்ந்தாலே வேறு எழுத்து வரும். விண்டோஸ் கீ, எஃப் வரிசை இரண்டும் பாதுகாப்பு. வேர்டில் மட்டும் ஷார்ட்கட் வேலை செய்ய வேண்டுமென்றால் ஹாட்இஃப் (#HotIf) என்று தொடங்கி வேர்டைக் குறிப்பிடுகிற ஒரு வரி மேலே போட்டால் போதும், மற்ற இடத்தில் அந்தக் கீ பழைய வேலையையே செய்யும்.

நீளமான பத்தியை எழுத்தெழுத்தாக அனுப்பச் சொன்னால் மெதுவாகும். கிளிப்போர்டில் ஏற்றி பேஸ்ட் செய்யச் சொல்லுங்கள், பளிச்சென்று வரும். இன்னும் பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடு அல்லாத பாமினி ஃபான்ட் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களுக்கு இது அவ்வளவு உதவாது, பேஜ்மேக்கரில் யூனிகோடு தமிழ் ஏறாது.

குறை என்றால், கற்க ஆரம்பிக்கிறவரைக் குழப்புவது இரண்டு பதிப்புகள். 2022 கடைசியில் 2.0 வந்தது, எழுதும் முறையே மாறிவிட்டது, இணையத்தில் கிடைக்கிற உதாரணங்களில் பாதி பழைய 1.1-க்கானவை, அப்படியே காப்பி செய்தால் பிழைதான் வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக 2.0-வுக்கே போங்கள். அட்மினாகத் திறந்த மென்பொருளுக்குள் சாதாரண ஸ்கிரிப்ட் நுழையாது, இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்டைத் தனியாக ஓடுகிற எக்ஸ்இ (.exe) ஃபைலாக மாற்றினால் சில ஆன்டிவைரஸ்கள் சந்தேகப்படும், மாற்றாமலே ஓட்டலாம்.

மவுஸ் இங்கே போய்க் கிளிக் செய் என்று திரையின் புள்ளிக் கணக்கில் எழுதுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இணையதளத்தில் ஒரு அறிவிப்புப் பட்டை கூடுதலாக வந்தாலே எல்லாம் இடம் மாறி, வேறு பட்டனை அழுத்திவிடும், அடுத்தவர் விண்ணப்பத்தில் அப்படி நடக்கக் கூடாது.

அப்புறம் கடவுச்சொல்லையும் வாடிக்கையாளர் ஆதார் எண்ணையும் தயவுசெய்து ஸ்கிரிப்டில் வைக்காதீர்கள். அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், கடைக் கம்ப்யூட்டரில் உட்காருகிற யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.