அல்கலைன் தண்ணீர் மெஷின் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

1,40,000 ரூபாய்க்கு ஒரு அல்கலைன் மெஷினை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார்கள். அதுவும் இ.எம்.ஐ.யில். விற்றவர் அப்பாவோடு வாக்கிங் போகிறவரின் மருமகன். "அங்கிள், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றே கவிழ்த்துவிட்டார். இந்த மெஷின் தண்ணீரைக் காரமாக்கும், அதைக் குடித்தால் உடம்பிலும் ரத்தத்திலும் உள்ள ஆசிட் போய்விடும் என்பதுதான் அவர் பேச்சு.

எங்கள் ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டார், மஞ்சளானது. மெஷின் தண்ணீரில் விட்டார், ஊதா. "மஞ்சள்னா ஆசிட் அங்கிள், இதைத்தான் தினமும் குடிக்கிறீங்க." அந்தச் சொட்டு பி.எச்., அதாவது அமில-கார அளவைக் காட்டும் வெறும் சாயம் (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்). ஆர்.ஓ.வில் உப்புகள் பெரும்பாலும் போய்விடுவதால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கரைந்தாலே பி.எச். 7-க்குக் கீழே வந்துவிடும். எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கத்தில் இருக்கும். அதைக் குடித்து யார் ரத்தம் புளித்தது?

மெஷின் தரும் 9.5 தண்ணீர் நேராகப் போய் விழுவது இரைப்பை அமிலத்தில். ரத்தத்தின் பி.எச்.சோ 7.35-லிருந்து 7.45-க்குள்தான். நுரையீரல் கரியமில வாயுவை வெளியே தள்ளி, சிறுநீரகம் மிச்ச அமிலத்தைக் கழித்து, அதைக் காப்பாற்றுகின்றன. நாம் குடிக்கும் தண்ணீர் அதை அசைப்பதில்லை.

அடுத்து சிறுநீரில் ஸ்ட்ரிப் வைத்து, "உடம்பே ஆசிட்" என்றார். சாப்பாட்டைப் பொறுத்து சிறுநீரின் பி.எச். 4.5-லிருந்து 8 வரை ஏறி இறங்கும். அமிலமாக இருந்தால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "சுகர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாம்" என்றாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போகும்போதுதான் ரத்தம் உண்மையிலேயே அமிலமாகக்கூடும். கீட்டோ அசிடோசிஸ் என்பார்கள். அதற்கு ஆஸ்பத்திரியில் இன்சுலினும் டிரிப்ஸும்தான், தண்ணீர் மெஷின் இல்லை. நல்லவேளை, அம்மா மாத்திரையை நிறுத்த விடவில்லை.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், "சீல் உடைச்சாச்சே அங்கிள்" என்கிறார். சீலை உடைத்து மாட்டியதே அவர்தான்! நேரடி விற்பனைக்கான 2021 விதிகளின்படி, அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வந்து விற்கவே கூடாது. இவர் அட்டை எதையும் காட்டவில்லை, சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லித்தான் உள்ளே வந்தார். இதையெல்லாம் எழுதி, பில்லோடும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களோடும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 மூலம் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களிடம் யாராவது விற்றிருந்தால் அந்த வாய்ஸ் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். மாத்திரையைப் பற்றிச் சொன்னது எங்களுக்கு அதில்தான் கிடைத்தது.