சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஞாயித்துக்கிழமை செய்யுள் கிளாஸ், தாராளமா போலாம்

அஸ்தம்பட்டி பக்கம் ஒரு வீட்டு மாடில ஞாயித்துக்கிழமை காலைல செய்யுள் கிளாஸ் எடுக்குறாங்க, தலைக்கு 200 ரூபா, பத்து மணில இருந்து ஒரு மணி வரைக்கும். ப்ளஸ் ஒன் படிக்கிற பொண்ண விடத்தான் போனேன், பெரியவங்களும் உக்காரலாம்னாங்க, உக்காந்துட்டேன்.

அன்னைக்கு புறநானூறு 192, கணியன் பூங்குன்றனாரோட 'யாதும் ஊரே'. மொத வரி தெரியாதவங்க யாரு இருக்கா, ஆனா மீதி 12 வரிய நான் ஒழுங்கா படிச்சதே இல்லைங்க. டீச்சர் மொதல்ல அர்த்தம் சொல்லல, "கண்ணு, வாக்கியம் எங்கெங்க முடியுதோ அங்க பென்சில்ல கோடு போடு"ன்னாங்க. போட்டா மொத மூணு வரியும் அந்தந்த வரிலயே முடியுது, யாதும் தீதும்னு ரெண்டாவது எழுத்து ஒண்ணா வர்ற எதுகையோட அடிச்சு வெச்ச மாதிரி நிக்குது. அப்புறம் ஆறாவது வரி கடைசில 'மின்னொடு'ன்னு ஆரம்பிக்குது பாருங்க, மழை, பாறைல மோதுற ஆறு, அது இழுத்த பக்கம் போற புணை, அதாவது தெப்பம்னு 12வது வரி 'இலமே' வரைக்கும் கோடு போட இடமே இல்ல, வாக்கியமே ஆறாட்டம் ஓடுது. நடுவுல 'நீர்வழிப் படூஉம்', 'முறைவழிப் படூஉம்'னு ரெண்டு அளபெடை, அதாவது எழுத்த நீட்டிச் சொல்ற எடம், டீச்சர் இழுத்து வாசிச்சப்போ ரூம்ல ஒரு சத்தம் இல்ல.

எனக்கு ரொம்பப் புடிச்சது கடைசி ரெண்டு வரி. நேரிசை ஆசிரியப்பாங்கிற பா வகைன்னா ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தின வரி, மூணு சீர் (வரியோட சொல் துண்டு)னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணிருக்கோம்ல. இங்க 'பெரியோரை வியத்தலும் இலமே' மூணு சீர், 'சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' நாலு சீர். கூட வந்த அந்த ஒரு சீர் 'அதனினும்'! பெரியவங்களப் பாத்து மலைக்கிறதும் இல்ல, சின்னவங்கள எளக்காரமா பாக்குறது அதவிடவும் இல்லங்கிறார், தன் நம்பிக்கை மொத்தத்தோட வெயிட்டையும் அங்க கொண்டுபோய் வெச்சிருக்கார். 40 வயசுக்கு மேல இது புரியுதேன்னு கண்ணு கலங்கிருச்சு.

குறைன்னா குடுத்த ஜெராக்ஸ் ஷீட்டுதான், பேப்பர் அளவுக்கு வரிய உடைச்சு கடைசி ரெண்டு வரியவும் ஒண்ணா சேத்து அடிச்சிருந்தாங்க, வரி அமைப்பச் சொல்லித் தர்ற கிளாஸ்ல இது கூடவே கூடாது. சொன்னதும் டீச்சர் போர்டுல 13 வரியும் எழுதிப் போட்டாங்க. பாட்டோட வகை, அதாவது திணை பொதுவியல், அதுக்குள்ள வர்ற துறை பொருண்மொழிக்காஞ்சின்னு மட்டும் சொல்லிட்டு தாண்டிட்டாங்க, அதுக்கும் ஒரு பத்து நிமிஷம் குடுத்திருக்கலாம்.

அடுத்த வாரமும் போறோம். போறவங்க பாட்ட வரி மாறாம நோட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க, பென்சிலும்.