பூனைக்கும் ஆகும் என்று விற்ற மூக்கடைப்பு மருந்து: 2,480 ரூபாய் அழுத கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பூனை மிளகு பிழைத்துவிட்டாள். அதனால் பதறாமல் படியுங்கள். எனக்குத்தான் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, மூன்று நாளாகச் சரியான தூக்கமும் இல்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பூனை வளர்ப்பவர்கள் மூலிகை மருந்து வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் பெரம்பூர். மழை பிடித்ததிலிருந்து அம்மாவுக்கு மூக்கடைப்பு. அம்மா தன் வைத்தியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் ரகம். மொட்டைமாடித் தொட்டியில் கற்பூரவள்ளியும் துளசியும் இருக்கின்றன, டப்பாவில் சுக்கு மிளகு திப்பிலி எப்போதும் இருக்கும், எதிர்வீட்டில் நொச்சித் தழை கேட்டு வாங்கிக் கொதிக்கவைத்து, போர்வையை மூடிக்கொண்டு ஆவி பிடிப்பார். அதே வாரம் மிளகும் தும்ம ஆரம்பித்தாள். மூக்கில் பிசுக்கு, கண்ணில் நீர். மத்தி மீன் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள், அவள் வாழ்க்கையில் இது முதல் முறை.

அன்று ராத்திரி போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. பெயர் சொல்லப்போவதில்லை, "பேர் போட்டா கேஸ் போடுவோம்" என்று ஏற்கெனவே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தாகிவிட்டது. வீடியோ போட்டு மூலிகைச் சரக்கு விற்கும் எத்தனையோ பக்கங்களில் ஒன்று, வெள்ளை வேட்டி, பின்னால் ஓலைச்சுவடிப் படம், அவ்வளவு போதும். கஷாயப் பொடி ஒரு பாக்கெட், ஆவி பிடிக்க ஒரு பழுப்புக் குப்பித் துளி, மண் குடுவை ஒன்று, எல்லாம் சேர்த்து 2,480 ரூபாய். "வீட்டில் உள்ள பெரியவர் முதல் பூனை வரை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அதுதான் இப்போது எரிகிறது. போன் செய்து கேட்டேன். எடுத்தவர் அவசரப்படவே இல்லை. "பூனை பேர் என்னக்கா?" என்றார். மிளகு என்றேன். சிரித்தார், "திரிகடுகத்துல ஒண்ணு, அப்ப மத்த ரெண்டு எங்க?" என்றார். எத்தனை கிலோ, மூக்கில் வருவது தண்ணியா இருக்கா மஞ்சளா இருக்கா, எத்தனை வேளையா சாப்பிடலை என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். "எங்க வீட்லயும் மூணு இருக்குக்கா, அதுங்களுக்கும் இதுதான்." என் சொந்த அண்ணன்கூட மிளகைப் பற்றி இத்தனை கேள்வி கேட்டதில்லை. பேசி முடிக்கும்முன்பே க்யூஆரை ஸ்கேன் செய்துவிட்டேன். அந்தப் பேச்சுக்குத்தான் 2,480 ரூபாய் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பார்சல் பிரித்தபோது அம்மா குப்பியை முகர்ந்து, "இது ஊட்டித் தைலம் மாதிரியில்ல அடிக்குது" என்றார். நான் கேட்கவில்லை. அவர்கள் சொன்னபடியே வெந்நீர்க் கிண்ணத்தில் ஐந்து சொட்டு விட்டு, மிளகைக் கூடையில் வைத்துத் துணி போட்டு மூடினேன். அது போதாதென்று ஒரு சொட்டைப் பிடரி மயிரிலும் தடவச் சொல்லியிருந்தார்கள், அதையும் செய்தேன். என் கையால் செய்தேன்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே பிறாண்டும் சத்தம். துணியை எடுத்தால் வாயில் நுரை நுரையாக எச்சில், பின்னங்கால் இரண்டும் குடிகாரன் மாதிரி தள்ளாடுகிறது, அப்புறம் வாந்தி. உடனே அந்த நம்பருக்குப் போன் செய்தேன். "நச்சு வெளியேறுதுக்கா, மூணு தடவை வாந்தி எடுத்தா நல்லது, பயப்படாதீங்க." அதே குரல், அதே அக்கா.

நல்லவேளை, மூன்றாவது வாந்திக்குக் காத்திருக்கவில்லை, ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். குப்பியை மூக்கருகே கொண்டுபோனதுமே அவர் முகம் மாறிவிட்டது. யூகலிப்டஸ் எண்ணெய். முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தால் பிடரியைக் கழுவினார், ஏனென்றால் பூனை நக்கி நக்கி எல்லாவற்றையும் வயிற்றுக்குள் கொண்டுபோய்விடும். அப்புறம் டிரிப்ஸ், உடம்பு சில்லிடாமல் போர்வை. அவர் சொன்னது: நம் கல்லீரல் இந்த மாதிரி எண்ணெய்ச் சரக்கை ஒரு நொதியைக் கொண்டு மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும், பூனைக்கு அந்த நொதி வேலையே சரியாகக் கிடையாது, அதனால் உள்ளே போனது தங்கிவிடும். கற்பூரம், புதினா எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், எல்லாம் இதே கதைதான். அம்மாவின் தொட்டியில் இருக்கும் கற்பூரவள்ளிகூடப் பூனைக்கு ஆகாதாம். அது எனக்குப் பெரிய அதிர்ச்சி, நாமெல்லாம் பச்சைக் குழந்தைக்கே சாறு பிழிந்து கொடுக்கிற இலை அது.

மறுநாள் காலையில் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லேபிளின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. சும்மா உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள்! யூகலிப்டஸ் தைலம், 30 மில்லி, வெளி உபயோகத்துக்கு மட்டும், விலை 90 ரூபாய். மேலே ஒட்டிய லேபிளில் என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை, தயாரிப்பு உரிம எண் இல்லை, "100% இயற்கை" மட்டும் இருந்தது. எருக்கம்பாலும் இயற்கைதான்.

படத்தோடு அனுப்பினேன். பதில்கள் வந்த வரிசை இது. பார்சல் பிரிக்கும் வீடியோ இருக்கா? பிரித்த சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம். ஐந்து சொட்டு விடச் சொல்லவில்லை, அரைச் சொட்டுதான் சொன்னோம் (அரைச் சொட்டை எப்படி விடுவது என்று கேட்டேன், பதில் இல்லை). உங்க பூனைக்கு ஏற்கெனவே நோய் இருந்திருக்கும். 2020 மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும் என்று எழுதினேன், கும்பிடும் கைப் படம் ஒன்று வந்தது. அப்புறம் பிளாக். வீடியோவுக்குக் கீழே நான் போட்ட கருத்தும் காணோம். அந்தத் தளத்தில் புகார் செய்தால், பணம் எங்கள் வழியாகப் போகவில்லையே என்கிறார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன், பார்ப்போம். மருத்துவச் செலவைக்கூட நான் கேட்கவில்லை, என் 2,480 ரூபாயைத்தான் கேட்டேன்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன், மிளகுக்கு மருந்து கொடுக்க நேரமாகிவிட்டது, அதனால் சுருக்கமாக. பூனைக்கு ஆவி வேண்டுமென்றால் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு வெறும் நீராவியில் பத்து நிமிடம் கூடவே உட்காருங்கள், எதையும் கலக்காதீர்கள். மூக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், சாப்பாட்டை லேசாகச் சூடாக்கி வாசனை கிளப்பிக் கொடுங்கள். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஓடுங்கள். எண்ணெய் பட்டுவிட்டால் நீங்களாக வாந்தி எடுக்கவைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பாராசிட்டமால் கூடவே கூடாது, அரை மாத்திரைகூட உயிரை வாங்கும். உரிம எண் இல்லாத குப்பியைத் தொடாதீர்கள். லேபிளை உரித்துப் பாருங்கள்.

அம்மா நொச்சித் தழை ஆவியிலேயே சரியாகிவிட்டார், இப்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான் பிடிக்கிறார். அந்தக் கஷாயப் பொடியை யாரும் தொடவில்லை. மண் குடுவையில் இன்னும் தைல நாற்றம் போகவில்லை, செடி வைக்கக்கூட ஆகாது. மிளகு எழுந்துவிட்டாள், இன்று காலை பாதி மத்தி உள்ளே போனது. சிரிஞ்சைப் பார்த்ததும் பீரோ அடியில் புகுந்துகொண்டாள், போய் இழுக்க வேண்டும்.