ஆணையமா, தீர்ப்பாயமா? டெல்லியில் வேலை பார்க்கும் மத்திய அரசு ஊழியர்களுக்கு

ஆர்.கே.புரம் பக்கம் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது: பட்டியல் சாதி என்பதால் பதவி உயர்வில் ஓரங்கட்டிவிட்டார்கள், துறைக்குள் போட்ட மேல்முறையீடும் தள்ளுபடி, இனி எங்கே போவது?

தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் கான் மார்க்கெட்டை ஒட்டிய லோக் நாயக் பவனில் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். அதிகாரியை வரவழைக்கவும் கோப்பைக் கேட்டு வாங்கவும் சிவில் நீதிமன்ற அதிகாரம் அதற்கு உண்டு, சம்மன் வந்த பிறகுதான் சில அலுவலகங்களில் கோப்பே கண்ணில் படும். ஆனால் கடைசியில் கிடைப்பது பரிந்துரைதான். தடையாணை போட ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது.

மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 50 ரூபாய், வக்கீல் ஃபீஸ்தான் கையைக் கடிக்கும். துறையின் உத்தரவை அது ரத்து செய்யலாம், இடைக்காலத் தடையும் தரலாம். தோற்றால் டெல்லி உயர் நீதிமன்றம் இருக்கிறது.

சிக்கல் கெடுவில்தான். துறையின் இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், மேல்முறையீட்டுக்குப் பதிலே வராவிட்டால் ஆறு மாதம் பொறுத்து அதற்கடுத்த ஒரு வருடத்துக்குள். ஆணையத்தில் மனு கிடக்கிறதே என்று சும்மா இருந்தால் கெடு ஓடிவிடும், தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், கிடைக்கும் என்று உறுதியில்லை. வழக்குப் போட்டுவிட்டாலோ ஆணையம் அந்த விஷயத்தைத் தொடாது.

தள்ளுபடி உத்தரவு கையில் இருந்தால் நான் தீர்ப்பாயம் என்றே சொல்வேன். எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று குறிக்கும் இடஒதுக்கீட்டு ரோஸ்டரைக் காட்ட மறுக்கிறார்கள், எழுத்தில் எதுவும் தருவதில்லை என்றால் முதலில் ஆணையம், அதுவும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே.