இன்டர்செப்டர் 650, சூப்பர் மீட்டியர் 650: வாங்கும் முன் இரண்டையும் ஓட்டிப் பார்த்தபோது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த இரண்டு ராயல் என்ஃபீல்டு வண்டிகளையும் பவரை வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருப்பது நேர விரயம். இரண்டிலும் அதே 648 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின், அதே 47 குதிரைத்திறன், அதே 52 நியூட்டன் மீட்டர் டார்க், அதே ஆறு கியர். இரண்டுமே நம் சென்னையை ஒட்டிய தொழிற்சாலையில் தயாராகி வருபவை. இன்டர்செப்டர் இங்கே விற்பனைக்கு வந்தது 2018 நவம்பரில், சூப்பர் மீட்டியர் 2023 ஜனவரியில். அதனால் "எது வேகம்?" என்று யாராவது கேட்டால் விட்டுவிடுங்கள். நாம் பார்க்க வேண்டியது வண்டியில் உட்கார்ந்ததும் உடம்பு எடை எங்கே இறங்குகிறது, அதோடு வண்டியை வளைத்தால் எவ்வளவு சுலபமாக வளைகிறது என்பதைத்தான். இந்த இரண்டு விஷயத்திலும் இரண்டு வண்டிகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

என் நிலவரம் இது. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். வார நாட்களில் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ஜிஎஸ்டி ரோடு, அதாவது சிக்னல், பஸ், மேம்பால இறக்கம், மறுபடி சிக்னல். லீவு கிடைத்தால் மனைவியோடு ஏதாவது மலைக்கு. மாமா பையனிடம் இன்டர்செப்டர் இருக்கிறது, ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் சூப்பர் மீட்டியர். இரண்டு பேரும் தயங்காமல் சாவி கொடுத்ததால், ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு முடிவெடுக்கும் கட்டாயம் எனக்கு வரவில்லை. இரண்டையும் ஒரே சாலையில், ஒன்று மாற்றி ஒன்றாக ஓட்ட முடிந்தது.

ஷோரூமில் உட்கார்ந்து பார்த்தால் சூப்பர் மீட்டியர்தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். சீட் உயரம் 740 மில்லிமீட்டர்தான், இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியும். சீட் அகலம், ஹேண்டில்பார் கைக்குத் தேடி வருகிறது, கால் முன்னால் நீண்டு நிற்கிறது, ஈஸி சேரில் சாய்ந்த மாதிரி இருக்கும். இன்டர்செப்டரில் சீட் 804 மில்லிமீட்டர். என் உயரத்துக்குக் குதிகால் லேசாக எழும்பும், சீட் தட்டையாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை வைத்து முடிவெடுக்கிறவர்கள் எல்லோரும் சூப்பர் மீட்டியருக்குத்தான் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவார்கள்.

ஆனால் நம் ரோடு ஷோரூம் தரை மாதிரி இல்லையே. மழைக்குப் பிறகு ஒட்டுப்போட்ட தார், அதில் ஒரு பள்ளம், பள்ளம் தாண்டினால் பெயின்ட் அழிந்துபோன வேகத்தடை. இந்த மாதிரி ஒரு இடம் வரும்போது இன்டர்செப்டரில் நான் என்ன செய்கிறேன் என்று கவனித்துப் பார்த்தேன். ஃபுட் பெக், அதாவது கால் வைக்கும் கம்பி, இடுப்புக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே, சற்றே பின்னால் இருப்பதால், முழங்காலை டாங்கில் அழுத்திக்கொண்டு உடம்பை ஒரு விரல் அளவு சீட்டிலிருந்து தூக்கிவிட முடிகிறது, அடியைக் கால் வாங்கிக்கொள்கிறது, முதுகுக்கு வருவதே இல்லை. சூப்பர் மீட்டியரில் அதே வேகத்தடையில் அதே மாதிரி எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. கால் முன்னால் இருக்கிறது, எழ வேண்டும் என்றால் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துத்தான் எழ வேண்டும். எடை மொத்தமும் இடுப்பெலும்பின் அடியில் உட்கார்ந்திருப்பதால் பின் சஸ்பென்ஷன் விழுங்காத அடி எல்லாம் நேராக முதுகெலும்புக்குத்தான் போகிறது. இத்தனைக்கும் காகிதத்தில் பார்த்தால் சூப்பர் மீட்டியரின் பின் ஷாக் அப்சார்பர்தான் அதிகம் அமுங்கும், 101 மில்லிமீட்டர். இன்டர்செப்டருக்கு 88தான். முன்னால் இருக்கும் ஷோவா ஃபோர்க்கும் நன்றாகவே வேலை செய்கிறது, சின்னச் சின்ன மேடுபள்ளம் கைக்கே தெரியாது. பிரச்சினை ஸ்பிரிங்கைவிட உட்காரும் விதத்தில்தான் அதிகம் இருக்கிறது. முதுகுவலி, டிஸ்க் தொந்தரவு இருக்கிறவர்கள், "தாழ்வான சீட், கால் நீட்டி உட்காரலாம், நமக்கு இதுதான் சரி" என்று நினைப்பதை நிறையக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து மோசமான ரோட்டில் ஒரு அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அந்த முடிவுக்கு வாருங்கள்.

இன்டர்செப்டர் சொகுசு வண்டி என்று இதற்கு அர்த்தம் இல்லை. கம்பெனி கொடுக்கும் சீட்டில் ஒரு மணி நேரம் தாண்டினால் உட்காரும் இடம் மரத்துப்போகத் தொடங்கும், நீண்ட தூரம் போகிறவர்கள் பலர் டூரிங் சீட் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்வது அதனால்தான். சிக்னலில் கால் ஊன்றும்போது ஃபுட் பெக் கெண்டைக்காலில் வந்து இடிக்கும். பாதத்தைப் பெக்குக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ வைக்கப் பழகிக்கொண்டால் தீர்ந்தது, ஆனால் பழகும்வரை எரிச்சல்தான். தனியாகப் போகும்போது பின் சஸ்பென்ஷன் கெட்டியாகத்தான் தெரியும். ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைப்பது என்ற அளவை, குறைத்து வைத்தால் கொஞ்சம் தேவலை. மாமா பையன் வண்டியில் அதைக் கடைசிப் படிக்கு ஏற்றியே வைத்திருந்தார்கள். ஒன்றரை வருஷமாக அப்படியேதான் ஓட்டுகிறானாம், கேட்டால் "மச்சான், டெலிவரி எடுத்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு" என்கிறான். இறக்கி வைத்துக் கொடுத்தேன், இப்போது வேறு வண்டி மாதிரி இருக்கிறது என்று அவனே சொல்கிறான்.

ஊருக்குள் ஓட்டுவது எப்படி என்று பார்த்தால், சூப்பர் மீட்டியர் 241 கிலோ, இன்டர்செப்டர் சுமார் 218. ஓடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சீட் தாழ்வாக இருப்பதால் சூப்பர் மீட்டியரின் எடையும் கீழேயே இருக்கிறது, சிக்னலில் மெல்ல நகர்வதற்கு அது ரொம்பவே நிதானமான வண்டி. தெரிவது யூ டர்னிலும் பார்க்கிங்கிலும். சூப்பர் மீட்டியரின் இரண்டு சக்கரத்துக்கு நடுவே 1500 மில்லிமீட்டர், இன்டர்செப்டரில் கிட்டத்தட்ட 1400. அந்த நூறு மில்லிமீட்டர் குரோம்பேட்டை பக்கம் ஒரு குறுகலான தெருவில் திருப்பும்போது நன்றாக உறைக்கும், ஒரே வீச்சில் திரும்பாமல் கால் ஊன்றிப் பின்னால் தள்ளி மறுபடி திருப்ப வேண்டியிருந்தது. ஸ்டேஷன் ஸ்டாண்டில் பத்து வண்டிக்கு நடுவிலிருந்து தினமும் உருவி எடுக்க வேண்டியவர்கள் இதை யோசிக்க வேண்டும். வெயில் காலச் சூடு இரண்டிலும் உண்டு. காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின், ரேடியேட்டர் ஃபேன் கிடையாது, மே மாதம் பல்லாவரத்தில் நின்றால் தொடையில் தெரியத்தான் செய்யும். கிளட்ச் இரண்டிலும் லேசு, விரல் வலிக்காது.

வேகத்தடையை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்ல வேண்டும். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையே இன்டர்செப்டரில் 174 மில்லிமீட்டர், சூப்பர் மீட்டியரில் 135. நீளமும் அதிகம், உயரமும் கம்மி என்றால் ஊர்ப்பக்கம் பஞ்சாயத்து ரோட்டில் அவரவர் வீட்டு வாசலில் போட்டுவைத்திருக்கும் செங்குத்தான வேகத்தடையில் இரண்டு பேராகப் போகும்போது குறுக்குவாட்டில் சாய்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

அடுத்து மலை, என் முடிவைத் தீர்மானித்ததே அதுதான். ஏலகிரிக்கு இரண்டு வண்டியையும் கொண்டுபோனோம், நண்பர் ஒன்றில், நான் ஒன்றில், பாதியில் மாற்றிக்கொண்டோம். அடிவாரத்தில் இருக்கும் பொன்னேரி கூட்டுரோட்டிலிருந்து ஏறினால் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் என்று பெயர்ப்பலகை வைத்திருப்பார்கள். ரோடு நன்றாக இருக்கும், வளைவு எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திறந்திருக்கும், ஒரு வண்டியின் ஹேண்ட்லிங்கைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் பக்கத்தில் கிடையாது. இன்டர்செப்டரில் இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழைந்து, உள்பக்க ஹேண்டிலை லேசாக முன்னால் தள்ளினால் போதும், வண்டி நாம் பார்க்கிற இடத்துக்குச் சாய்ந்து போகிறது. நடு வளைவில் ஒரு மாடு நின்றாலோ எதிரே ஒரு வேன் நம் பக்கத்தையும் பிடித்துக்கொண்டு வந்தாலோ போகும் பாதையை மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது, வண்டி மறுப்பு சொல்வதில்லை. இரண்டு சக்கரமும் 18 அங்குலம், டயரும் ரொம்ப அகலம் கிடையாது, இந்த சேஸியை, அதாவது வண்டியின் சட்டத்தை, உருவாக்கியது ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற பழைய பிரிட்டிஷ் பந்தய சேஸி நிறுவனம். அந்தக் கைவேலை ஒவ்வொரு வளைவிலும் தெரிகிறது.

சூப்பர் மீட்டியர் அதே வளைவுகளில் மோசம் என்று சொல்ல மாட்டேன். 19 அங்குல முன்சக்கரமும் 16 அங்குலத்தில் அகலமான பின்சக்கரமும் இருக்கிற, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒரு க்ரூஸருக்கு அது நன்றாகவே திரும்புகிறது, ஒருமுறை சாய்த்துவிட்டால் தண்டவாளத்தில் போகிற உறுதி இருக்கிறது. ஆனால் சாய்ப்பதற்கே ஒரு தள்ளு அதிகம் வேண்டும், அப்புறம் நடுவில் மனசு மாறினால் அதற்குப் பிடிக்காது. கொஞ்சம் உற்சாகமாகப் போனால் ஃபுட் பெக் தார் ரோட்டில் உரசுகிற சத்தம் கேட்கும், அதற்குமேல் சாய்க்க இடம் இல்லை என்று அர்த்தம். மெதுவாக, காட்சி பார்த்துக்கொண்டு ஏறுகிறவருக்கு இது எதுவுமே பிரச்சினை இல்லை. எனக்கோ வளைவுதான் வண்டி ஓட்டுவதற்கான காரணமே. கொல்லிமலையின் எழுபது வளைவையும் அந்த 241 கிலோவோடு ஏறி இறங்குவதை நினைத்தால் கை இப்போதே வலிக்கிறது.

திரும்பி வரும் வழியில் வாணியம்பாடியிலிருந்து நெடுஞ்சாலை பிடித்ததும் கதை அப்படியே தலைகீழ். நேர் ரோடு, நல்ல ரோடு, 80-இல் ஆறாவது கியரில் போட்டுவிட்டால் சூப்பர் மீட்டியர் மாதிரி நிம்மதி எதுவுமில்லை. இன்ஜின் தூங்கிக்கொண்டே ஓடுகிறது, 270 டிகிரி கிராங்க் என்பதால் ஒரு தாளமான துடிப்பு மட்டும் உள்ளேயிருந்து வரும், கையில் நடுக்கம் இல்லை. லாரி பக்கத்தில் கடக்கும்போது வீசும் காற்று அந்த எடையை அசைப்பதில்லை. டாங்க் 15.7 லிட்டர், இன்டர்செப்டரில் 13.7. லிட்டருக்கு 25-ஐ ஒட்டிக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஐம்பது கிலோமீட்டர் வித்தியாசம். சென்னை டு கன்னியாகுமரி, சென்னை டு பெங்களூரு என்று நேர்ரோட்டிலேயே வாழ்கிறவர்கள் சூப்பர் மீட்டியரை எடுத்தால் நான் குறுக்கே பேச மாட்டேன். விண்ட்ஷீல்டும், பின்னால் உட்காருபவர் முதுகு சாய்க்கும் பின்சாய்வும் சேர்ந்து வருகிற டூரர் மாடலாகவே எடுத்துவிடுங்கள்.

பின்னால் உட்காருபவரைப் பற்றி யாருமே விரிவாக எழுதுவதில்லை, வீட்டில் சண்டை வருவது அங்கேதான். என் மனைவி இரண்டிலும் ஆம்பூர் வரை வந்தார். சாதாரண சூப்பர் மீட்டியரின் பின்சீட் சின்னது, பிரேக் போடும்போது முன்னால் வழுக்குகிறது, பின்சாய்வு போட்ட பிறகு "இது பரவாயில்லைங்க" என்றார். இன்டர்செப்டரின் சீட் ஒரே நீளமாக, தட்டையாக இருப்பதால் தள்ளி உட்கார இடம் இருக்கிறது, பள்ளம் வரும்போது நான் சொன்னால் அவரும் காலை ஊன்றி எழுந்துகொள்ள முடிகிறது. ஆனால் பிடித்துக்கொள்ள வசதியான கைப்பிடி வேண்டும், அதை முதலிலேயே கேட்டு மாட்டிக்கொள்ளுங்கள். டெஸ்ட் ரைடுக்குப் போகும்போது பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போவது ரொம்ப முக்கியம்.

பிரேக் இரண்டிலும் நம்பகமானது. முன்னால் 320 மில்லிமீட்டர் டிஸ்க், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். டயரில் ஒரு விஷயம் பாருங்கள்: சூப்பர் மீட்டியர் எல்லாமே அலாய் வீல், டியூப்லெஸ். இன்டர்செப்டரில் ஸ்போக் வீல் மாடல் எடுத்தால் உள்ளே டியூப் இருக்கும், நடுவழியில் ஆணி ஏறினால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். 2023-இல் வந்த அலாய் வீல் மாடல்களுக்கு அந்தத் தலைவலி கிடையாது. ஸ்போக் அழகுதான், நானும் ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் அலாய் எடுங்கள்.

டெஸ்ட் ரைடுக்கு இன்னொரு சின்ன யோசனை. வண்டியைத் தொடும் முன் டயர் காற்றை அளக்கச் சொல்லுங்கள். ஒரு ஷோரூமில் கொடுத்த டெமோ வண்டி குதித்துக்கொண்டே போனது, வெளியே பங்க்கில் நிறுத்திப் பார்த்தால் முன் டயரிலேயே நாற்பது பிஎஸ்ஐக்கு மேல் காற்று. சரியான அளவுக்கு இறக்கியதும் பாதி உதறல் போய்விட்டது. ப்ரீலோட் எந்தப் படியில் இருக்கிறது என்றும் கேளுங்கள். அவர்கள் காட்டும் வழுவழு ரோட்டை விட்டுவிட்டு, உங்கள் தெரு மாதிரி ஒரு தெருவில் ஓட்டுங்கள்.

விலையில் சூப்பர் மீட்டியர் கூடுதல். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி வரி 40 சதவீதம் ஆகிவிட்டதால் இரண்டுமே முன்பைவிடக் கையைக் கடிக்கும், பழைய வீடியோக்களில் சொல்லும் ஆன்ரோடு விலையை நம்பிக் கடன் கணக்குப் போடாதீர்கள்.

நான் அலாய் வீல் இன்டர்செப்டருக்குப் பணம் கட்டிவிட்டேன். டூரிங் சீட்டும் பின்னால் கைப்பிடியும் டெலிவரிக்கு முன்பே மாட்டித் தரச் சொல்லியிருக்கிறேன், ப்ரீலோடைக் கீழ்ப் படியில் வைக்கச் சொல்லி ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்கியாயிற்று. ஐந்தடி நாலுக்குக் கீழே இருப்பவர்கள், ஊர் டிராஃபிக்கில் கால் எட்டுமா என்ற பயத்தோடு ஓட்டப் பிடிக்காதவர்கள், மலைப்பக்கமே போகாமல் நெடுஞ்சாலையில் மட்டும் போகிறவர்கள் சூப்பர் மீட்டியரை எடுங்கள், நல்ல வண்டி. மற்றவர்கள் எடுக்கும் முன் இன்டர்செப்டரை ஒரு மலையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.