வண்ணமா, வாழ்க்கைக் கதையா: பெண்ணிய ஓவியத்தை எதிலிருந்து வாசிப்பது?

பெண்களைச் சித்திரிக்கும் பெண்ணிய ஓவியத்தின் முன் நிற்கும்போது, வண்ணத்திலிருந்து தொடங்குவதா, ஓவியரின் வாழ்க்கைக் கதையிலிருந்து தொடங்குவதா என்ற குழப்பம் பலருக்கும் வருகிறது. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ தன்னையே இருவராக, அருகருகே அமர்ந்திருப்பதுபோல் 1939இல் வரைந்த ‘இரு ஃப்ரீடாக்கள்’ ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம்.

முன்தயாரிப்பு
வண்ணம்: கண் போதும்.
கதை: படிக்க வேண்டும்.

உணர்வு
வண்ணம்: இரண்டு முகங்களிலும் அழுகை இல்லை. துயரத்தைச் சுமப்பது நிறங்கள்தாம். ஒரு ஃப்ரீடாவின் வெள்ளைப் பாவாடையில் ரத்தம் சொட்டுகிறது. கீழ்விளிம்பின் சிவப்புப் பூவேலையருகே வந்ததும் எது பூ, எது ரத்தத் துளி என்று கண் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தை எந்த வாழ்க்கை வரலாறும் தராது.
கதை: அதே ஆண்டு அவளுக்குக் கணவர், ஓவியர் டியேகோ ரிவேராவுடன் விவாகரத்து ஆனது. மெக்சிகோவின் தெவானா என்னும் பாரம்பரிய உடையணிந்த இன்னொரு ஃப்ரீடாவின் கையில் இருப்பது சிறுவயது டியேகோவின் சிறு படம். இது தெரிந்தால், இருவரின் இதயங்களையும் இணைக்கும் ரத்தக்குழாய் புரியத் தொடங்குகிறது.

தவறும் இடம்
வண்ணம்: வெள்ளை ஓரிடத்தில் மணக்கோலம், வேறிடத்தில் துக்கம். நம் வழக்கத்தை ஓவியத்தின்மேல் ஏற்றிவிடுவோம்.
கதை: இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஓவியரை ஒரு கணவனால் கைவிடப்பட்டவளாகச் சுருக்கிவிடுகிறோம். ரத்தக்குழாயை இடுக்கியால் பிடித்திருப்பது அவள் கைதான், அதை மறந்துவிடுகிறோம்.

முதன்முறை பார்ப்பவர்களும், ஓவியத்தோடு தனியே நிற்க விரும்புபவர்களும் வண்ணத்திலிருந்து தொடங்கலாம். கட்டுரை எழுதுபவர்களுக்கும் வகுப்பெடுப்பவர்களுக்கும் கதை தேவை. ஆனால் அவர்களும் முதல் பத்து நிமிடம் விளக்கப் பலகையைப் படிக்காமல் படத்தையே பார்க்கட்டும்.